எந்த ஆண்டில் சந்தேகப்படுவான் அந்தப் பையன்?

பையனுக்கு 14 வயது. ஜெர்மன்காரன். ஹிட்லர் சொல்வதெல்லாம் சரி என்று மனசார நம்புகிறவன். கதை முடிவதற்குள் அந்த நம்பிக்கையில் விரிசல் விழுந்திருக்க வேண்டும், அதுவும் 1939 செப்டம்பரில் போர் மூள்வதற்கு முன்னாலேயே. பதின்பருவத்துப் பிள்ளைகளுக்காக நான் எழுதப்போகும் நாவலில் இதுவரை முடிவானது இவ்வளவுதான். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதில்தான் ஆறு மாதமாக இழுபறி. மியூனிக் 1931, பெர்லின் 1933, பெர்லின் 1936, நவம்பர் 1938 என்று நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அத்தியாயம் எழுதிக் கிழித்து, கடைசியில் இந்த நான்கிலும் சேராத ஓர் இடத்தில் வந்து நிற்கிறேன். இதே மாதிரிக் கதை எழுத நினைக்கிற யாருக்காவது உதவும் என்பதால், எதை ஏன் தள்ளினேன் என்று எழுதிவைக்கிறேன்.

ஆண்டில் என்ன இருக்கிறது, சந்தேகம் சந்தேகம்தானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. 1931-ல் நாஜிகளைக் கேள்வி கேட்டால் பல கட்சிகளில் ஒரு கட்சியைக் கேள்வி கேட்கிறோம், வீட்டில் நாலு அடி விழலாம், அவ்வளவுதான். 1936-ல் அதே கேள்வி பள்ளிக்கூடம், வாத்தியார், கூட்டாளிகள், அஞ்சலகம், வானொலி எல்லாவற்றையும் எதிர்த்து நிற்கிற கேள்வி. 1938 நவம்பருக்குப் பிறகு என்றால், எரிகிற கட்டடத்தைக் கண்ணால் பார்த்தபிறகு வருகிற கேள்வி. அப்போதும் கேட்காதவன்தான் நமக்கு விளக்கம் சொல்ல வேண்டியவன். ஆகவே ஆண்டை மாற்றினால் பையனே மாறிப்போகிறான்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. தமிழில் ஹிட்லர் என்றால் என்ன அர்த்தம்? அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், என் முதல் வாசகி அவள்தான். அவளிடம் கேட்டதற்குக் கொஞ்சமும் யோசிக்காமல், “எங்க ஹெட்மாஸ்டர்தான் சித்தி” என்றாள். கண்டிப்பானவர், விரட்டுகிறவர், அவ்வளவுதான். ஸ்வஸ்திக்கைக் காட்டினால் அவளுக்குக் கணக்கு நோட்டின் முதல் பக்கம்தான் ஞாபகம் வருகிறது. “ஆரியன்” என்ற சொல் அதைவிட மோசம். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு நூறு வருஷத்து அரசியல் இருக்கிறது, ஆரியர் திராவிடர் என்று மேடை மேடையாகக் கேட்டு வளர்ந்த காது, பெர்லின் வகுப்பறையில் அதே சொல்லைக் கேட்டால் வேறு எங்கோ போய்விடும். ஐரோப்பிய வாசகருக்கு அந்தக் கொடியைப் பார்த்ததும் தானாக வருகிற நடுக்கம் இங்கே வராது. அதனால் திகிலைக் கடன் வாங்க முடியாது, கதைக்குள்ளேயே உண்டாக்க வேண்டும். கொடியை “கொக்கிச் சிலுவை” என்றே எழுதப்போகிறேன், ஜெர்மன் சொல்லுக்கு அதுதான் நேர்ப்பொருள். ஆரியனுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

சரி, மியூனிக்.

1931-ன் கவர்ச்சி என்னவென்றால் எதுவும் இன்னும் முடிவாகவில்லை. முந்தைய ஆண்டு செப்டம்பர் தேர்தலில்தான் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107 இடத்துக்குத் தாவியிருந்தார்கள். வேலையில்லாதவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 60 லட்சத்தைத் தொட்டது. ஆனால் நீதிமன்றம் நடக்கிறது, எதிர்க்கட்சிகள் இருக்கின்றன, பத்திரிகைகள் வாய்திறந்து பேசுகின்றன. மியூனிக்கில் சமூக ஜனநாயகக் கட்சியின் நாளேடு ஒன்று ஹிட்லரைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டே இருந்தது. அந்த அலுவலகத்துக்கு நாஜிகள் வைத்திருந்த பெயர் “விஷச் சமையலறை”. 1933 மார்ச்சில் அதிகாரம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அடித்து நொறுக்கினார்கள். அப்புறம் 1931 செப்டம்பரில் நடந்த மர்மம்: ஹிட்லரின் அப்பாவுக்கு இன்னொரு மனைவி வழியில் பிறந்த சகோதரியின் மகள் கெலி ராவ்பால், 23 வயது, ஹிட்லரின் வீட்டிலேயே, ஹிட்லரின் துப்பாக்கியாலேயே குண்டு பாய்ந்து இறந்துகிடந்தாள். தற்கொலை என்று முடித்துவிட்டார்கள். துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கட்சிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, பத்திரிகைக்காரப் பையன் ஒருவன், பூட்டிய அறை, ஓடுகிற கடிகாரம். முதல் மூன்று அத்தியாயம் ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன்.

நான்காவதில் நின்றுபோனது. காரணம் இதுதான்: இந்தக் கதையில் பிள்ளை சந்தேகப்படுவது ஒரு மனிதனை, கொள்கையை அல்ல. அவர் கொலைகாரரா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? யூதர்களைப் பற்றி அவர் சொன்னது சரியாகிவிடுமா? தலைவர் நல்லவரா கெட்டவரா என்று நாம் இங்கே தினமும் அடித்துக்கொள்கிற அதே சண்டைதான் இது. தலைவர் சுத்தமானவராக இருந்து கொள்கை நஞ்சாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தக் கதையில் இடமே கிடைக்கவில்லை. விறுவிறுப்பு வேண்டும், வாசிக்கிற பிள்ளை புத்தகத்தைக் கீழே வைக்கக்கூடாது என்பவர்களுக்கு 1931-ஐத் தாராளமாகச் சொல்வேன், எனக்குத்தான் சரிப்படவில்லை.

மியூனிக்கை விட்டுப் போவதற்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. 1923-ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றபோது அவர் பக்கத்தில் 16 பேர் செத்தார்கள். 1933-க்குப் பிறகு, அவர்கள் சுடப்பட்ட இடத்தை ஒட்டி நினைவுச்சின்னம் வைத்து, இரவும் பகலும் காவல் போட்டு, அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் கை நீட்டி வணக்கம் வைக்க வேண்டும் என்றாக்கினார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்து. வணக்கம் வைக்க மனமில்லாதவர்கள் அந்தச் சந்தில் புகுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். ஊரில் அதற்கு “நழுவல்காரர் சந்து” என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயரே இருந்தது. இன்றைக்கு அந்தச் சந்தின் கல் பாவிய தரையில் வெண்கலக் கற்களால் ஒரு தடம் பதித்துவைத்திருக்கிறார்கள், வேறு ஒன்றுமில்லை. அப்பாவோடு நடந்து போகிற பையன், அப்பா ஏன் ஒவ்வொரு முறையும் இந்தச் சந்தில் திரும்புகிறார் என்று கேட்கிற காட்சியை எழுதிவைத்திருக்கிறேன். செருப்புக் கடைக்கு இதுதான் குறுக்குவழி என்கிறார் அப்பா. குறுக்குவழி இல்லை என்று பையனுக்குத் தெரியும். நல்ல காட்சிதான், ஆனால் சந்தேகம் அப்பாவுடையது, பையனுடையது அல்ல. எங்காவது செருகிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

1933 பெர்லின் எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற தேர்வு. தேதிகளே கதை மாதிரி வரிசையில் நிற்கின்றன. ஜனவரி 30 ஹிட்லர் பிரதமர், பிப்ரவரி 27 நாடாளுமன்றம் தீப்பிடிக்கிறது, மார்ச் 23 அவருக்குச் சர்வ அதிகாரம், ஏப்ரல் 1 யூதர் கடைகளுக்கு முன்னால் நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படையினர் நின்று யாரையும் உள்ளே விடாமல் தடுக்கிறார்கள், ஏப்ரல் 7 யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம், மே 10 புத்தக எரிப்பு. அந்த இரவில் பெர்லின் ஓபரா சதுக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக எரிக் கெஸ்ட்னர் நின்றிருந்தார். ஜெர்மன் பிள்ளைகள் கொண்டாடிய எழுத்தாளர். தன் பெயரைச் சொல்லித் தன் புத்தகத்தை நெருப்பில் போடுவதை நின்று பார்த்திருக்கிறார். அவர் கதையைப் போர்வைக்குள் விளக்கு வைத்துப் படித்த பையனும் அங்கே இருந்திருந்தால்?

எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 1933 சந்தேகத்தின் ஆண்டு அல்ல, சேர்கிற ஆண்டு. ஹிட்லர் இளைஞர் அமைப்பில் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், முடிவில் 20 லட்சத்துக்கு மேல். மற்ற இளைஞர் சங்கங்களைக் கலைத்து இதில் சேர்த்ததும் ஒரு காரணம், ஆனால் ஆசையாக ஓடிப்போய்ச் சேர்ந்தவர்களும் ஏராளம். தீப்பந்த ஊர்வலம், கூடாரம், கத்தி, பாட்டு, முதலாளி மகனும் கூலிக்காரன் மகனும் ஒரே சட்டை, பத்துப் பேருக்குத் தலைவன் அவர்களைவிட ஒன்றிரண்டு வயதே பெரிய பையன். அந்த வயதில் எனக்கு யாராவது இதெல்லாம் கொடுத்திருந்தால் நானும் போயிருப்பேன், மறைப்பதற்கில்லை. சமூக ஜனநாயகக் கட்சியில் ஊறிய அப்பாவை எதிர்த்து மகன் நாஜி ஆவதுதான் அன்றைக்குக் கலகம். கேள்வி கேட்கிற பிள்ளை என்று நாம் கொண்டாடுகிற குணமே அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது எழுதும்போது தொண்டையில் முள்ளாக நிற்கிற விஷயம்.

சாக்குகளுக்கும் அந்த ஆண்டில் பஞ்சமில்லை. ஏப்ரல் 7 சட்டத்தில், முதல் உலகப்போரில் முன்னணியில் நின்று போரிட்ட யூதர்களுக்கு விலக்கு இருந்தது, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் வற்புறுத்தியதால். பக்கத்து வீட்டு யூதர் பழைய ராணுவக்காரர் என்றால், பார்த்தாயா, நல்லவர்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று பையன் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். இந்தச் சாக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆக 1933-ஐ முழுக்கத் தள்ளவில்லை, முதல் அத்தியாயமாக வைத்துக்கொண்டேன்.

1936-ஐப் பற்றி எல்லாரும் சொல்வது ஜெஸ்ஸி ஓவன்ஸ். அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அந்த அமெரிக்கக் கறுப்பின வீரர் நான்கு தங்கம் வாங்கினார், இனக் கொள்கை பொய்த்தது, பையன் திருந்தினான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு பதக்கப் பட்டியலைப் பார்த்தேன். அந்த ஒலிம்பிக்கில் முதலிடம் ஜெர்மனிக்கு, 33 தங்கம், அமெரிக்கா 24-தான். பெருமைப்பட நினைக்கிற பையனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. தவிர, ஒரு ஓட்டப்பந்தயத்தில் பொய்த்துப்போகிற கொள்கை அடுத்த ஓட்டப்பந்தயத்தில் மெய்யாகிவிடும். ஓவன்ஸ் தோற்றிருந்தால் மட்டும் இனக் கொள்கை சரியா? பிள்ளைகளுக்கு எழுதும் கதையில் இப்படி ஓர் ஓட்டை இருந்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகஸ்ட் 15-ல் நம் தியான்சந்த் அணி ஹாக்கி இறுதியில் ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தியதையும் ஆசை ஆசையாக எழுதினேன், அதுவும் இதே குற்றத்துக்காகக் குப்பைக்குப் போயிற்று.

1936-ல் உண்மையிலேயே கதைக்கு ஆகிற விஷயம் வேறு. யூதர்கள் வரக்கூடாது என்று கடையிலும் நீச்சல் குளத்திலும் மாட்டியிருந்த பலகைகளை வெளிநாட்டுக்காரர் கண்ணில் படாமலிருக்க அந்தக் கோடையில் கழற்றி எடுத்தார்கள். அந்தப் பலகை சரி என்று நம்புகிற பையனுக்கு இது குழப்பமாக இருக்காதா? சரி என்றால் ஏன் ஒளிக்க வேண்டும்? விருந்தாளி வந்தால் வீட்டில் எதை எடுத்து ஒளித்துவைப்போம் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இந்தச் சந்தேகம் நம்பிக்கைக்கு உள்ளேயிருந்தே கிளம்புகிறது, வெளியிலிருந்து யாரும் வந்து பாடம் எடுக்கவில்லை. அதே கோடையில் கிரெட்டல் பெர்க்மான் என்ற யூத வீராங்கனை உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தார், ஒலிம்பிக்கில் மூன்று பதக்கமும் அதே உயரம் தாண்டியவர்களுக்குத்தான் போயின. அவருக்கு வந்ததோ, உங்கள் திறமை போதவில்லை என்று ஒரு கடிதம், அதுவும் அமெரிக்க அணி கப்பலேறிப் புறப்பட்டபிறகு. பெர்லினில் ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா குடும்பங்களை வாரிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே மார்ட்சானில் அடைத்ததும் அந்த ஜூலையில்தான். வாசலில் கோலம், கொல்லையில் குப்பை.

ஆனாலும் பெர்லின் 1936 திருவிழா. திருவிழாவில் பையன் தொலைந்துபோகிறான், நூறு பக்கம் எழுதியும் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

1938 நவம்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாடு முழுவதும் யூதர்களைத் தாக்கிய இரவு அது: எரிக்கப்பட்ட, நொறுக்கப்பட்ட 1,400-க்கும் மேற்பட்ட யூத வழிபாட்டு இடங்கள், ஏறத்தாழ 7,500 கடைகள், வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 30,000 ஆண்கள். அடுத்த வாரமே யூதப் பிள்ளைகளை ஜெர்மன் பள்ளிகளிலிருந்து முழுவதுமாக வெளியேற்றினார்கள். அந்த இரவைப் பார்த்துத்தான் பையனுக்குப் புத்தி வந்தது என்று எழுதினால், அவன் திருந்துவதற்காக ஊர் எரிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அது எனக்கு அருவருப்பாக இருந்தது. கடைசி அத்தியாயமாக வேண்டுமானால் வரட்டும், அதற்குமுன் அவன் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் எது மிச்சம்? தேதி இல்லாத ஆண்டுகள். 1935 இலையுதிர் காலத்திலிருந்து 1937 வரை, தலைநகரம் அல்லாத ஓர் ஊரில். தெற்கு ஜெர்மனியில் இருக்கிற உல்ம்.

உல்ம் மனதுக்கு வந்தது ஷோல் குடும்பத்தால். பின்னாளில் போர்க்காலத்தில் நாஜிகளுக்கு எதிராகத் துண்டறிக்கை வினியோகித்ததற்காக 1943 பிப்ரவரி 22-ல் தலை வெட்டப்பட்ட அண்ணன் ஹான்ஸும் தங்கை ஸோஃபியும் இங்கேதான் வளர்ந்தார்கள். பலரும் மறப்பது, அவர்கள் இருவரும் முதலில் தீவிர நம்பிக்கைக்காரர்கள், அப்பா எவ்வளவோ எதிர்த்தும் இளைஞர் அமைப்பில் சேர்ந்து தலைவர் பொறுப்பு வரைக்கும் போனவர்கள். ஹான்ஸுக்கு முதல் உறுத்தல் எதில் வந்தது என்று அவர்களுடைய அக்கா எழுதியிருக்கிறார்: பாட்டில். கிதார் வைத்துக்கொண்டு ரஷ்யப் பாட்டும் நார்வே பாட்டும் பாடுகிறவர், அதெல்லாம் கூடாது, அமைப்பின் பாட்டு மட்டும்தான் என்றார்கள். அப்புறம் ஹான்ஸின் குழுவினர் தங்கள் கையாலேயே தைத்த கொடியை ஒப்படைக்கச் சொன்னார்கள். நாஜிக் கட்சியின் நியூரம்பர்க் மாநாட்டுக்கு ஆசையாகக் கொடி தூக்கிப் போனவர் சோர்ந்துபோய்த் திரும்பினார். ஸோஃபி கேட்டதோ, பொன்னிற முடியும் நீலக்கண்ணும் உள்ள என் யூதத் தோழி சேரக்கூடாது, கறுப்பு முடிக்காரி நான் சேரலாம், இது என்ன கணக்கு என்று. இவ்வளவு சின்ன விஷயங்கள்தான். 1937 நவம்பரில் அந்த வீட்டுப் பிள்ளைகளை ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோகிற அளவுக்கு அது வளர்ந்தது.

என் கதையில் ஷோல் குடும்பம் வராது. வந்தால் மற்ற எல்லாரையும் விழுங்கிவிடும். ஆனால் சந்தேகத்தின் அளவு எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ஐன்ஸ்டைன் பிறந்த ஊர் இது, அவர் பெயரில் ஒரு தெருவும் இருந்தது, 1933-ல் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் எழுதிய கடித உறையோடு தபால்காரர் நிற்கிறார். இந்த அளவில்தான் எல்லாம் இருக்க வேண்டும்.

பையனுக்காக இரண்டு கொக்கி வைத்திருக்கிறேன், இரண்டும் ஆவணத்தில் இருப்பவை. ஒன்று, 1935 செப்டம்பர் நியூரம்பர்க் சட்டத்தில் ஒரு பிரிவு: யூதர் வீட்டில் 45 வயதுக்குக் குறைந்த ஜெர்மன் பெண் வீட்டுவேலை செய்யக்கூடாது, 1936 ஜனவரி 1 முதல் அமல். பையனின் அம்மா யூத டாக்டர் வீட்டில் பல வருஷமாகச் சமையல் வேலை பார்க்கிறவள், வயது 38. வேலை போகிறது. பக்கத்துத் தெருவில் 47 வயது அம்மாள் ஒருத்திக்குப் போகவில்லை. “ஏம்மா நாற்பத்தைந்து?” என்று கேட்கிறான். அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டு ஆண்களைப் பற்றியும் தன்னைப் பற்றியும் சட்டம் என்ன நினைக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, மகனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருக்கிறாள், வீட்டுக்கு வேண்டியதைவிட அதிகமாக.

இன்னொன்று ஒரு கணக்கு. அந்தக் காலத்து ஜெர்மன் பாடநூலில் வந்த கணக்கு: மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது, வீடு ஒன்றுக்கு 15,000 மார்க் என்றால் அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம்? பையன் கணக்கில் புலி. போட்டுவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்குகிறான். வாத்தியார் சரி என்று குறி போடுகிறார். அன்றைக்கு மாலை வீட்டில் தம்பிக்கு வலிப்பு வருகிறது, வழக்கம்போல இவன்தான் தலையைப் பிடித்துக்கொள்கிறான். பரம்பரை வலிப்பு என்று எழுதிவிட்டால் கட்டாயக் கருத்தடைப் பட்டியலில் பெயர் ஏறும், 1934 தொடக்கத்திலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. சட்டமும் கணக்கும் ஒன்றையொன்று தொடுவது அவனுக்கு உடனே உறைக்காது, அறுபது பக்கமாவது ஆகும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. இரண்டு கொக்கியும் அவன் வீட்டுக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. தன் அம்மா, தன் தம்பி என்று வந்தால்தான் கேட்பானா, டாக்டர் வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்கமாட்டானா? கேட்க வேண்டும், ஆனால் தாமதமாகக் கேட்பான், அந்தத் தாமதத்துக்கு டாக்டர் வீட்டுப் பெண்தான் விலை கொடுப்பாள், அவனை மன்னிக்கவும் மாட்டாள். யூதப் பாத்திரத்தை, கதாநாயகனுக்குப் பாடம் நடத்திவிட்டு மறைகிற ஆளாக வைத்து எழுதிய கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. அவளுக்கு விசா, வரிசை, ஸ்டட்கார்ட் துணைத் தூதரக வாசல் என்று சொந்தக் கவலை ஆயிரம் இருக்கும், இவன் மனமாற்றம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. விறுவிறுப்பு 1931-ல் பாதிகூட வராது என்பதும் உண்மை. பதிப்பாளர் முதல் அத்தியாயத்திலேயே தூங்கிவிடக்கூடும். பரவாயில்லை.

கணக்கு வரும் அத்தியாயத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். விடை எவ்வளவு என்று அதில் வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டியூஷனுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டாள். பிறகு எடுத்துப் பார்த்தால், பதினோராம் பக்கத்தில் கணக்குக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் 400 என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தாள்.